டர்பன் விரைவுப் பேருந்துத் திட்டம்: தடத்துக்குப் பணம் உண்டு, ஓட்டத்துக்கு?

வெருலம் ஆசிரியர்

வணக்கம். ஜூலை 1ஆம் நாள் தொடங்கும் நிதியாண்டுக்கான டர்பன் மாநகராட்சியின் வரைவு வரவுசெலவுத் திட்டம், வழக்கம்போல் மார்ச் இறுதியையொட்டி மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, பின்னர் மக்கள் கருத்துக்கு விடப்படுகிறது. நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. வரி உயர்ந்த பிறகு மட்டும் குறைபட்டுக்கொள்கிறோம். இம்முறை விரைவுப் பேருந்துத் திட்டத்தைப் பற்றியாவது நம் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். எதைக் கேட்பது என்பதில் எனக்கே தெளிவு வேண்டியிருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்தவரை நிலைமை இதுதான். நகரின் வடக்கிலுள்ள பிரிட்ஜ் சிட்டியிலிருந்து மேற்கிலுள்ள பைன்டவுன் வரை செல்லும் மூன்றாம் தடத்தின் கட்டுமானம் 2014இல் தொடங்கியது. சாலையின் நடுவே பேருந்துக்கென்று தனித்தடம், உயர்ந்த நடைமேடையுடன் கூடிய நிலையங்கள், புதிய பாலங்கள் என்று பெரும்பணம் செலவாகியிருக்கிறது. பேருந்து ஓடத் தொடங்கும் நாள் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டுகளோ ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. இதற்கிடையில், மாநகராட்சி விலை கொடுத்து வாங்கும் குடிநீரில் பாதிக்கு மேல் கசிவாகவும் திருட்டாகவும் வருவாய் தராமல் போகிறது. 2022 ஏப்ரல் வெள்ளம் உடைத்துப்போட்ட குழாய்களையும் கழிவுநீர் நிலையங்களையும் சீர்படுத்தும் வேலை நம் கண்முன்னே இழுத்துக்கொண்டே போனது. இந்த நிலையில் விரைவுப் பேருந்துக்கான பணத்தை நிறுத்தி, அதைத் தண்ணீருக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோரிக்கையை இந்த வடிவில் எழுதினால் நிதித்துறை அதிகாரி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். தடத்தைக் கட்டும் பணத்தின் பெரும்பகுதி நம் சொத்து வரியிலிருந்து வருவதன்று. அது தேசிய அரசு நிபந்தனையுடன் தரும் மானியம். ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் வருவாய்ப் பகிர்வுச் சட்டத்தில் அந்த மானியம் எதற்கு, எந்த நிபந்தனையில் என்று எழுதப்பட்டிருக்கும். பேருந்துக்கு என்று வந்ததைத் தண்ணீர்க் குழாய்க்கு மாற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லை. செலவழிக்காமல் வைத்திருந்தால் அது தேசியக் கருவூலத்துக்கே திரும்பிப் போகும்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பொதுப் போக்குவரத்துக் கட்டமைப்புக்கான மானியம் 2005-06இல் தொடங்கப்பட்டது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன் நகரங்களின் போக்குவரத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பது அதன் உடனடித் தூண்டுதல். 2007இல் அமைச்சரவை ஏற்ற பொதுப் போக்குவரத்து உத்தி, பெருநகரங்கள் ஒருங்கிணைந்த விரைவுப் போக்குவரத்து வலைப்பின்னலைக் கட்டவேண்டும் என்றது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் கட்டண வருவாயே பேருந்தை ஓட்டும் செலவை ஈடுகட்டியதைக் கண்டுவந்த திட்டக்காரர்கள், இங்கேயும் தேசிய அரசு தடத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டால் பேருந்துகள் தம் கட்டணத்திலேயே ஓடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எந்தத் தென்னாப்பிரிக்க நகரத்திலும் பலிக்கவில்லை.

ஆகவே இன்று நாம் பிரித்துப் பார்க்கவேண்டியவை இரண்டு. கட்டும் பணம் ஒருமுறை வருவது, பெரும்பாலும் தேசிய மானியம். ஓட்டும் பணம் ஆண்டுதோறும் வேண்டியது. அதில் ஒரு பங்குக்குத்தான் மானியத்தைப் பயன்படுத்தலாம், மீதியை மாநகராட்சி தன் சொந்த வருவாயிலிருந்து கொடுக்கவேண்டும். அந்தச் சொந்த வருவாய் என்பது நம் சொத்து வரியும், மின்சாரம், தண்ணீர் விற்றதில் மிஞ்சுவதும்தான். தண்ணீருக்கும் பேருந்துக்கும் உண்மையான போட்டி அந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டும் பணத்தைக் குறைகூறிக்கொண்டு ஓட்டும் பணத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டால், நம் கடிதம் குறி தவறிப் போகும்.

இன்னொன்று. பக்கத்து ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். அங்கும் இத்தகைய திட்டம் தொடங்கப்பட்டு, சாலை வேலைகளும் நடந்தன. ஓட்டும் நிலைக்கு வரமுடியாது என்று கண்டு பஃபலோ சிட்டி, எம்பொம்பெலா ஆகியவற்றோடு சேர்த்து அந்த நகரத்துக்கான மானியத்தைத் தேசிய அரசு நிறுத்திவைத்தது. நிறுத்தியதால் அங்குத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு ரேண்ட்கூடக் கூடுதலாக வந்துவிடவில்லை.

பிரேம்ஃபோன்டெய்ன் பயணி

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்தவன். போக்குவரத்துப் பொறியியல் என் தொழில். கணக்குப்பிள்ளை அவர்கள் பலிக்கவில்லை என்று சொன்ன கணக்கு ஏன் பலிக்கவில்லை என்பதைச் சற்று விரித்து எழுத அனுமதியுங்கள். விவாதத்தின் அடித்தளம் அதில் இருப்பதாக நினைக்கிறேன்.

ஜோஹன்னஸ்பர்க்கில் ரியா வாயா என்ற விரைவுப் பேருந்து 2009 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஓடத் தொடங்கியது. சொவெட்டோவிலிருந்து நகர மையம் வழியாக எல்லிஸ் பார்க் வரை முதல் தடம். நல்ல பேருந்து, நல்ல நிலையம். தொடக்கத்தில் மக்கள் விரும்பி ஏறினார்கள். ஆனால் ஒரு பேருந்தின் ஒரு நாளைக் கூர்ந்து பார்த்தால் சிக்கல் தெரியும். விடியற்காலையில் சொவெட்டோவில் நிரம்பி நகரத்துக்கு வருகிறது. வழியில் இறங்குவோர் குறைவு. ஏறக்குறைய அனைவரும் கடைசிவரை வருபவர்கள். திரும்பிப் போகும்போது காலியாகப் போகிறது. இன்னொரு நடை வந்தால் காலை நெரிசல் முடிந்துவிடும். நண்பகல் முழுதும் பணிமனையில் நிற்கிறது. மாலையில் இதே கதை எதிர்த்திசையில் நடக்கிறது. எடுத்துக்காட்டுக்காகச் சொன்னால், ஓர் இருக்கை ஒரு நாளைக்கு நான்கு முறை விலைபோனால் அதுவே பெரிது. ஆனால் அந்தப் பேருந்துக்கும், இரு வேளை ஓட்டுநருக்கும், எரிபொருளுக்கும், நிலையக் காவலுக்கும் முழு நாள் செலவு உண்டு.

போகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய அமைப்பின் நெரிசலான தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 40,000க்கு மேற்பட்டோர் செல்கிறார்கள். நகரம் நெருக்கமாகக் கட்டப்பட்டது. வழிநெடுகிலும் வீடும் கடையும் அலுவலகமும் பள்ளியும் கலந்திருப்பதால் ஒவ்வொரு நிலையத்திலும் சிலர் இறங்கச் சிலர் ஏறுகிறார்கள். ஒரே இருக்கை ஒரே நடையில் பலமுறை விலைபோகிறது. திரும்பும் நடையிலும் ஆள் இருக்கிறது. நம் நகரங்களில் அந்த நெருக்கம் பல மடங்கு குறைவு. குடியிருப்பு ஒரு கோடியிலும் வேலை மறு கோடியிலும் கிடக்கின்றன. இது யாரோ பொறியாளர் செய்த பிழையன்று. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் நகரத்தை அப்படித்தான் அறுத்து வைத்தது.

ஆகவே விரைவுப் பேருந்து என்ற கருவி தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் முழு உடையையும், அதாவது நடுச்சாலைத் தடம், மூடிய நிலையம், உயரத் தளப் பேருந்து ஆகிய அனைத்தையும், ஆள் நடமாட்டம் அந்த அளவு இல்லாத தடத்திலும் அணிவித்தார்கள். இங்கு லூயி போத்தா சாலையில் அலெக்சாண்ட்ரா பக்கம் போகும் அடுத்த கட்டத்துக்காகக் கட்டிய நிலையங்கள் பேருந்தே வராமல் ஆண்டுக்கணக்கில் நின்று, கதவும் கம்பியும் களவுபோனதைத் தினமும் கண்டவன் நான். ஓடாத நிலையத்துக்கும் காவலுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சாட்ஸ்வொர்த் மகள்

ஐயாமார்கள் எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தினமும் ஏறி இறங்குகிறவளின் பக்கத்திலிருந்து சில சொற்கள் எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி: சாட்ஸ்வொர்த்திலிருந்து நகர மையத்துக்கு ஒரு தடம் திட்டப்படத்தில் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அது முதற்கட்டத்தில் இல்லை. முதற்கட்டம் முழுவதும் பிரிட்ஜ் சிட்டியை மையமாக வைத்தே போகிறது. பீனிக்ஸ், இனாண்டா, ந்துஸுமா, க்வாமாஷு ஆகியவற்றின் சந்திப்பில் இருப்பதால் அங்குத் தொடங்கியது முறைதான், நான் மறுக்கவில்லை. எங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டால்தான் பதில் இல்லை. எங்களிடம் முன்பே ஒரு ரயில் பாதை இருந்தது. குரோஸ்மோர் வரை நிலையங்கள் இருக்கின்றன. 2020 ஊரடங்குக் காலத்தில் நாடெங்கும் மின்கம்பிகளும் நிலையங்களும் கொள்ளைபோன பிறகு எங்கள் பகுதியின் மக்கள் ரயிலை மறந்து, பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்சிக்கே பழகிவிட்டார்கள்.

டாக்சியைப் பற்றி எரிச்சலாகப் பேசுவது எளிது. நானும் பேசியிருக்கிறேன். ஆனால் காலையில் நிலையத்தில் போய் நின்றால் அது நிறைந்த உடனே புறப்படுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. சிக்கல் காலையில் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும்தான் சிக்கல். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வரும் தாதியரும், கடைகளில் கணக்கு முடித்து இறங்கும் பெண்களும், நிறைந்தால்தான் புறப்படும் வண்டியில் இருட்டில் காத்திருக்கிறார்கள். என் அத்தைக்கு நடைவண்டி இல்லாமல் நகரமுடியாது. அவர்களால் மினிபஸ் டாக்சியில் ஏறவே முடியாது. நடைமேடையும் பேருந்துத் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்ற விதி இந்தத் திட்டத்தில் இருக்கிறது என்பதற்காகவே நான் இதை முற்றாக எதிர்க்கமாட்டேன்.

ஆனால் எனக்குக் கான்கிரீட் தடம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இரவு ஒன்பது மணிக்கும் வரும் என்று நம்பத்தக்க ஒரு பேருந்து, விளக்கெரியும் ஒரு நிறுத்தம், ஏறுவதற்குத் தாழ்ந்த படி. இவை மூன்றுக்கும் சாலையின் நடுவைத் தோண்டவேண்டுமா என்பதைப் பொறியாளர் அண்ணாதான் சொல்லவேண்டும்.

பிரேம்ஃபோன்டெய்ன் பயணி

தோண்டவேண்டியதில்லை, சகோதரி. சாலை நெரிசலால் பேருந்து சிக்கிக்கொள்ளும் இடங்களில் மட்டும் தனித்தடம் தேவை. மற்ற இடங்களில் அதற்கு வேலை இல்லை. நீங்கள் கேட்பது ஓட்டும் செலவைச் சேர்ந்தது. அதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது என்பதால் அமைச்சர்கள் அதன் பக்கம் வருவதில்லை.

பழைய சக்கரம்

என் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு பேருந்துகள் இருந்தன. ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் சார்பு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டர்பனில் 1920களிலிருந்தே நம் இந்திய மக்கள் பேருந்து ஓட்டினார்கள். 1930இல் வந்த மோட்டார் வண்டிப் போக்குவரத்துச் சட்டம் உரிமம் என்ற கயிற்றைக் கட்டியது. ரயிலுக்கும் மாநகராட்சிப் பேருந்துக்கும் போட்டி வரக்கூடாது என்பதே அதன் நோக்கம். யாருக்கு உரிமம், எந்தத் தெரு, எந்த நிறுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் மனு போட்டு நிற்கவேண்டியிருந்தது. பிறகு கேட்டோ மேனரிலிருந்தும் மகசின் பேரக்ஸிலிருந்தும் மக்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வொர்த்திலும் 1976 முதல் பீனிக்ஸிலும் குடிவைத்தபோது, நடந்து வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பேருந்துப் பயணிகள் ஆனார்கள். அந்தத் தொலைவை யாரும் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் அதற்கான கட்டணத்தை மக்களே கொடுத்தார்கள். பொதுப்பணம் போக்குவரத்துக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். அரசு உண்டாக்கிய தொலைவின் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்பது சலுகை ஆகாது.

இரண்டாவது, டாக்சி. 1988இல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய சட்டம் வந்த பிறகு மினிபஸ்கள் பெருகின. பேருந்து முதலாளிகளில் பலர் ஒழிந்தார்கள், சிலர் தாங்களே டாக்சி வாங்கினார்கள். இன்று நாட்டில் பொதுப் போக்குவரத்தில் வேலைக்குப் போவோரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் டாக்சியில் போகிறார்கள் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் குடும்பப் பயணக் கணக்கெடுப்பு காட்டியது. இவ்வளவு பேரைச் சுமக்கும் அந்தத் தொழிலுக்கு ஓட்டும் மானியம் என்று எதுவும் இல்லை. பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் ஒரு தொகை உண்டு, அவ்வளவுதான். பேருந்து ஒப்பந்தங்களுக்கும் ரயிலுக்கும் மானியம் போகிறது. விரைவுப் பேருந்து வரும்போது மட்டும் அரசு டாக்சிக்காரரிடம் வந்து, உன் வழித்தடத்தை விட்டுக்கொடு, இழப்பீடு தருகிறேன், புதிய நிறுவனத்தில் பங்குதாரர் ஆகு என்கிறது. ரியா வாயா தொடங்கிய சில நாள்களிலேயே சொவெட்டோவில் பேருந்தைச் சுட்டார்களே, அது எப்படி நேர்ந்தது என்று வியப்பவர்கள் இந்தத் தொழிலை அறியாதவர்கள். நான் துப்பாக்கியை நியாயப்படுத்தவில்லை.

மூன்றாவது, மாநகராட்சியின் கைராசி. 2003இல் டர்பன் மாநகராட்சி தன் பேருந்துகளைத் தனியாருக்கு 70 மில்லியன் ரேண்டுக்கு விற்றது. 2008இல் அதையே 405 மில்லியன் ரேண்டுக்குத் திரும்ப வாங்கியது. திரும்ப வாங்கும்போது அவை தேய்ந்திருந்தன. இதைச் செய்த மாநகராட்சி, தடம் கட்டுவதற்கு ஆலோசகர் வைக்கும் திறமையுடையது. தினமும் பேருந்தை நேரத்துக்கு ஓட்டும் திறமையை இன்னும் நிரூபிக்கவில்லை.

வெருலம் ஆசிரியர்

பழைய சக்கரம் ஐயா கடைசியில் சொன்னதுதான் என் மனத்தில் இருந்ததும். பேருந்தைச் சரியாக ஓட்டத் தெரியாதவரிடம் ஓட்டும் பணத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று நாம் எப்படிக் கேட்பது? கணக்குப்பிள்ளை அவர்கள் பணத்தின் பாதையை விளக்கினார்கள், நன்றி. நிபந்தனை மானியத்தைத் தண்ணீருக்குக் கேட்கும் வரியை வரைவிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆனால் அது தேசிய அரசின் பணம் என்பதால் அது நம் பணம் அல்ல என்ற தொனி எனக்கு ஏற்புடையதன்று. அதுவும் நாம் கட்டிய வரிதான். டர்பனில் வீணானால் டோங்காட்டுக்காரருக்கும் நட்டம், லிம்போப்போக்காரருக்கும் நட்டம்.

இழப்பீட்டைப் பற்றியும் எனக்குக் கேள்வி உண்டு. ஓர் உரிமம் என்பது அரசு கொடுத்த அனுமதி. அனுமதியைத் திரும்பப் பெற அரசு ஏன் பணம் கொடுக்கவேண்டும்? பணம் கொடுத்த பிறகும் பக்கத்துத் தெருவில் அதே வண்டி ஓடினால் நாம் வாங்கியது என்ன?

கணக்குப்பிள்ளை

ஐயா, சட்டத்தின் பார்வையில் உங்கள் கேள்வி கூர்மையானது. நடைமுறையில் விடை வேறு. டாக்சிக்காரர் விட்டுக்கொடுப்பது காகிதத்தை மட்டுமல்ல, அந்தத் தடத்தின் வருமானத்தையும். அதைக் கொடுக்காமல் தொடங்கிய எந்த நகரமும் அமைதியாகத் தொடங்கவில்லை. கொடுத்த நகரங்களும் முழு அமைதி காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் 2011 பிப்ரவரியில் முதல் தடத்தை ஓட்டும் பொறுப்பு டாக்சி உரிமையாளர்கள் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்துக்குப் போனது. அதன்பின் அந்தத் தடத்தில் அவர்களே உரிமைக்காரர்கள். ஆனால் ஒப்பந்தத் தொகை ஓடிய கிலோமீட்டருக்குக் கிடைப்பதால், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிறுவனத்துக்குப் பணம் வருகிறது. ஏறாத பயணியின் நட்டம் முழுவதும் மாநகராட்சியின் தலையில் விழுகிறது. இழப்பீடு ஒருமுறை வலிக்கும் செலவு. கிலோமீட்டர் ஒப்பந்தம் பன்னிரண்டு ஆண்டு வலிக்கும் செலவு. நாம் கேள்வி கேட்கவேண்டியது பின்னதைப் பற்றி.

அதே வண்டி பக்கத்துத் தெருவில் ஓடுவது பற்றி: உடைக்கக் கொடுத்த வண்டிக்குச் சான்று உண்டு, உரிமம் நீக்கியதற்கும் பதிவு உண்டு. ஆனால் உரிமமே இல்லாமல் ஓடும் வண்டியை நிறுத்துவது போக்குவரத்துக் காவல்துறையின் வேலை. அதற்கு எந்த மானியத்திலும் இடம் இல்லை.

மேசைமலை

கேப் டவுனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மைசிட்டி விரைவுப் பேருந்து நன்றாக நடக்கிறது என்று டர்பன் உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை.

2011 மே மாதத்தில் டேபிள் வியூ பக்கத்திலிருந்து நகரத்துக்குத் தொடங்கியது. கார் வைத்திருக்கும் நடுத்தர மக்கள் வாழும் பகுதி அது. அவர்களில் பலர் காரை வீட்டில் விட்டுப் பேருந்தில் வந்தார்கள் என்பது சாதனைதான். ஆனால் மிகுதியான மக்கள் வாழும் கயேலிட்ஷாவுக்கும் மிட்சல்ஸ் பிளெய்னுக்கும் 2014இல் தொடங்கிய நெடுஞ்சாலை விரைவு வழித்தடங்கள், அவற்றை ஓட்டிய பங்காளிகளுக்குள் ஒப்பந்தத் தகராறு வந்து 2019 ஜூன் முதல் நின்றுபோயின. மீண்டும் ஓடியது 2022 பிப்ரவரியில். இடையில் பெருந்தொற்று வேறு. பேருந்து இருந்தது, சாலை இருந்தது, அட்டை இயந்திரம் இருந்தது, பயணி இருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை. தடம் கட்டிவிட்டால் மற்றவை தானாக நடந்துவிடும் என்று நம்புவோர் இந்த இரண்டரை ஆண்டுகளை மனத்தில் வைக்கவேண்டும்.

இதே கேப் டவுனில் நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் நகரம் நோக்கி வரும் ஒரு தடத்தைப் பேருந்துக்கும் மினிபஸ் டாக்சிக்கும் சேர்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். நிலையம் இல்லை, பாலம் இல்லை. கோடும் பலகையும் கண்காணிப்பும்தான். பழைய சக்கரம் ஐயா கேட்கும் நியாயம் இதில் ஓரளவு இருக்கிறது: டாக்சிக்கும் தடத்தில் இடம்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரை யாரும் சொல்லவில்லையே. ஜோஹன்னஸ்பர்க்குக்கும் ஓராண்டு முன்னர், 2008 மார்ச்சில், 22 கிலோமீட்டர் தடத்தை எண்ணத் தொடங்கிய 15 மாதங்களில் ஓட்டிவிட்டார்கள். கிலோமீட்டருக்கு 17 லட்சம் அமெரிக்க டாலர் அளவில்தான் செலவு. அகன்ற சாலையின் ஓரத்தில் தடத்தைப் பிரித்து, எளிய நிறுத்தங்கள் வைத்து, பேருந்தை ஓட்டும் பொறுப்பைச் சிறு வண்டி ஓட்டுநர் சங்கத்தின் கூட்டுறவிடம் கொடுத்தார்கள். அழகான அமைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயர்ந்த நடைமேடையும் இல்லை. சாட்ஸ்வொர்த் மகள் சொன்ன அத்தைக்கு அது உதவாது.

பிரேம்ஃபோன்டெய்ன் பயணி

மேசைமலை அவர்கள் சொன்ன பொதுத் தடத்துக்கு ஒரு சிறு கணக்கு. ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் 3,000 பேரைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று வையுங்கள். 75 பேர் ஏறும் பேருந்தானால் 40 பேருந்து, அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. 15 பேர் ஏறும் டாக்சியானால் 200 வண்டி, அதாவது 18 நொடிக்கு ஒன்று. நெடுஞ்சாலைத் தடத்தில் 18 நொடிக்கு ஒரு வண்டி என்பது மிக எளிது. நகரச் சாலையில் நிறுத்தம் வரும் இடத்தில்தான் திணறும். ஆகவே நீண்ட தொலைவு நிற்காமல் ஓடும் பகுதிகளில் டாக்சியைத் தடத்துக்குள் விடலாம். டர்பன் நகர மையத்தின் வாரிக் சந்திப்பு போல் நெருக்கம் கூடிய இடத்தில் பெரிய பேருந்தே வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கவேண்டும் என்று 2007இல் யாரோ முடிவுகட்டியதன் விலையைத்தான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்து வருகிறோம்.

எச்சரிக்கையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தடம் திறந்தார்கள். கார்க்காரர்களின் கூச்சலும் செய்தித்தாள்களின் கேலியும் தாங்காமல் சில ஆண்டுகளில் அதை இடித்தே விட்டார்கள். பேருந்தில் போனவர்கள் அந்தச் சாலையில் மிகுதி. ஆனால் கடிதம் எழுதியவர்கள் காரில் போனவர்கள். நம் சங்கத்தில் கடிதம் எழுதப்போகிறவர்கள் எதில் போகிறோம் என்பதை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.

பழைய சக்கரம்

அந்தக் கடைசி வரி என்னைக் குத்தியது; குத்தட்டும். நானும் காரில்தான் போகிறேன்.

மேற்குக் கேப் மாநிலத்தின் ஜார்ஜ் நகரைப் பற்றி ஒரு சொல். சிறிய ஊர். 2014 டிசம்பரில் அங்குத் தொடங்கிய பேருந்துச் சேவைக்கு நடுச்சாலைத் தடம் கிடையாது. இருந்த சாலையில், நேர அட்டவணைப்படி, மாற்றுத்திறனாளிகளும் ஏறத்தக்க பேருந்துகள் ஓடுகின்றன. முன்னாள் டாக்சிக்காரர்கள் அதில் பங்காளிகள். சாட்ஸ்வொர்த் மகள் கேட்ட மூன்றும் ஏறக்குறைய அதில் இருக்கின்றன. ஆனால் அங்கும் 2015 ஆகஸ்டில் பேருந்துகளை எரித்தார்கள். மிகுதியான மக்கள் வாழும் தெம்பலெத்துவுக்குச் சேவை போய்ச்சேர அதன்பிறகும் ஆண்டுகள் ஆயின. ஆகவே கான்கிரீட்டைத் தவிர்த்தால் சண்டையையும் தவிர்க்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். பணம் மட்டும் குறையும். அந்த மிச்சத்தைக் கொண்டு பேருந்தை நீண்ட நேரம் ஓட்டலாம்.

வெருலம் ஆசிரியர்

இதுவரை வந்தவற்றைக் கொண்டு கடிதத்தின் நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

“மூன்றாம் தடத்தில் கட்டி முடித்த பகுதியை வீணாக்கவேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. அதை ஓட்டுவதற்கு அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு தேவைப்படும், கட்டண வருவாய் எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தால் எவ்வளவு தேவைப்படும் என்ற இரு கணக்குகளையும் வரைவுத் திட்டத்தோடு வெளியிடவேண்டும். அந்தக் கணக்கை மன்றம் ஏற்று வாக்களிக்கும்வரை வேறு எந்தத் தடத்திலும் புதிய நிலையத்துக்கான ஒப்பந்தம் கோரக்கூடாது. பேருந்தை ஓட்டும் ஒப்பந்தத்தில் ஓடிய கிலோமீட்டருக்குத் தரும் தொகையும், நேரம் தவறினால் பிடிக்கும் தொகையும் வரிசெலுத்துவோர் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.”

தண்ணீரைப் பற்றித் தனிக் கடிதம் கொடுக்கலாம். இதில் கலக்கவேண்டாம்.

கணக்குப்பிள்ளை

நன்று. “கட்டண வருவாய் பாதியாக இருந்தால்” என்ற வரியை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். அதிகாரிகள் முதலில் வெட்டப் பார்ப்பது அதைத்தான். கருத்துக் காலம் பெரும்பாலும் ஏப்ரல் முடிவோடு முடிந்துவிடும். வட்டாரக் கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்

ஆசிரியர் ஐயா, கடிதம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பயணி எங்கும் இல்லை. இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “நிறுத்திவைக்கப்படும் கட்டுமானத்துக்குப் பதிலாக, விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு மானியத்தை, சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், உம்லாஸி ஆகிய பகுதிகளிலிருந்து நகர மையத்துக்கு மாலை ஏழு முதல் பத்து மணி வரையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நேர அட்டவணைப்படி ஓடும், தாழ்தளப் பேருந்துகளுக்குப் பயன்படுத்துமாறு தேசியப் போக்குவரத்துத் துறையிடம் மாநகராட்சி அனுமதி கோரவேண்டும், அந்த நேரங்களில் ஓட முன்வரும் டாக்சி சங்கங்களுக்கும் அதே கிலோமீட்டர் தொகையைத் தரவேண்டும்.” உம்லாஸியை எடுத்துவிடாதீர்கள். இந்தியர் மிகுந்து வாழும் நம் ஊர்ப் பெயர்கள் மட்டும் இருந்தால் அது ஒரு சமூகத்தின் மனுவாகப் போய்விடும்.

வெருலம் ஆசிரியர்

சேர்த்துவிட்டேன், அம்மா. உம்லாஸியோடு இனாண்டாவையும் சேர்த்திருக்கிறேன். ஞாயிறு கூட்டத்தில் கையெழுத்துக்கு வைக்கிறேன்.